கடற்பாசிக்குக் காசு போட முதல்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பின் ரவி,

நாங்கள் எல்லாரும் சுகம். மலரின்ர கால்நோ எப்பிடி?

சேமலாப நிதிக் காசை எடுத்து மன்னார்ப் பேசாலையில கடற்பாசி போடப்போறன் எண்டு எழுதியிருந்தாய். வாசிச்சதில இருந்து மனம் ஒரு நிலையில இல்லை. கோழிப்பண்ணைக் கதை மாதிரி இதையும் அவசரத்தில முடிச்சுப்போடாதை மச்சான்.

அன்ரனோட கிளிநொச்சிப் பக்கத்து வலைப்பாட்டுக் கிராமத்துக்குப் போனபோது கயிற்றில கட்டின பாசியைத் தொட்டுப் பார்த்தனான். குருத்தெலும்பு மாதிரி விறைப்பு. லேசா வளைக்க டக்கெண்டு முறிஞ்சு விரலளவு துண்டு கையோட வந்திட்டுது. பயமே அந்தத் துண்டுதான். அது பெருக விதை தேவையில்லை. காத்தில அறுந்து முருகைக்கல் (பவளப்பாறை) இடுக்கில செருகினால் அங்கயே பிடிச்சு வளர்ந்து கல்லை மூடும். வெளிச்சம் இல்லாமல் முருகை சாகும்.

இந்தப் பாசிக்குக் கப்பாஃபைகஸ் எண்டு பேர், பிலிப்பீன்ஸ் பக்கத்துப் பாசி. 1970களில் ஹவாய்க்குக் கொண்டுபோய் வளர்த்தவை. பிறகு அது பரவின குடாவில, படகில உறிஞ்சு குழாய் பூட்டி உறிஞ்சி எடுக்கவேண்டி வந்தது. மிச்சத்தைத் தின்னக் கடல் முள்ளெலிகளையும் விட்டவை. அவ்வளவு தூரம் ஏன்? பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவில உயிருள்ள முருகைகளுக்கு மேல இது ஏறி நிக்கிறதை 2008இல் ஆராய்ச்சியாளர் எழுதிப்போட்டினம். தமிழ்நாட்டு அரசு 2005இலயே பாக்கு விரிகுடாவுக்கு வடக்கிலயும் தூத்துக்குடிக்குத் தெற்கிலயும் மட்டும் வளர்க்கலாம் எண்டு கட்டளை போட்டது. அந்தக் கரைக்கு எதிர்ப்பக்கம், மன்னார்த் தீவில நீ நிக்கிறாய்.

தொழிலை நான் குறை சொல்லேல்லை. வலைப்பாட்டில நாற்றுக் கட்டிற பெண்களோட கதைச்சனான். புருசனை இழந்து தனியப் பிள்ளை வளர்க்கிறவையும் அதில இருக்கினம். ஒன்றரை மாதத்தில அறுவடை, கையில காசு. ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் இதில இருந்து எடுக்கிற கூழ்ப்பசை போகுது, வாங்க ஆள் இருக்கும். அந்தப் பிழைப்பைக் கெடுக்க எனக்கு மனம் வராது. ஆனால் அந்த வீடுகளில மீன் பிடிச்சும் சீவிக்கினம், மீன் குஞ்சு வளர்றது முருகைக்குள்ள.

அதால, உனக்குத் தாற துண்டுக் கடலுக்கு அடியில மணலா, முருகையா எண்டு சுழியோடுற பொடியன் ஒருத்தனை இறக்கிப் பார். முருகை கிட்ட இருந்தால் வேண்டாம். மணல் எண்டாலும் வாடைக்காத்து தொடங்க முதல் வெட்டி எடு, அறுந்து ஒதுங்கிறதைக் கரையில பொறுக்க ஆள் வை. எங்கட கடலின்ர சொந்தக் கஞ்சிப்பாசியை முதல்ல போட்டுப் பார்க்கேலாதா? அதையும் யோசி.

ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்க முதல் எனக்கு எடு. ஞாயிறு பின்னேரம் வீட்டிலதான் நிப்பன்.

அன்புடன்,
நேசன்