இரண்டு பம்பு, ஒரே சம்ப்

சென்னை,
வியாழன் இரவு

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. கோபித்துக்கொள்ளாதே. முழங்காலுக்குப் பிசியோதெரபி, நடுவில் மூன்று நாள் வெளியூரில் வகுப்பு, திரும்பி வந்தால் வீட்டில் பெயின்ட் வேலை. மேசை எங்கேயோ துணிக்கு அடியில் கிடக்கிறது. கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

பம்பும் வேண்டாம் பட்டறையும் வேண்டாம் என்று பெங்களூருக்குப் போன உன் மகள் கோவைக்கே திரும்பி வந்து கம்பெனியில் உட்கார்ந்துவிட்டாள் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நீயும் அப்பாவிடம் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தாய், விடுதியில் முதல் நாள். மறந்திருப்பாய்.

சரி, நீ கேட்ட விஷயம். தீயணைப்பு பம்பு செட்டுக்கு வாடிக்கையாளர் ஃபால்ட் ட்ரீ (கோளாறு மரப்படம்), எஃப்எம்இஏ (எந்தப் பாகம் எப்படிக் கெடும், கெட்டால் என்னாகும் என்ற பட்டியல்), எம்டிபிஎஃப் (இரண்டு கோளாறுகளுக்கு நடுவே ஓடும் சராசரி நேரம்) எல்லாம் கேட்கிறார். மென்பொருள் விற்க வந்த பையன் அரை மணி நேரத்தில் அத்தனையும் திரையில் போட்டுக் காட்டிவிட்டான். விலையைக் கேட்டு உனக்குத் தலை சுற்றுகிறது. வாங்கலாமா, மகளை எந்தப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்கிறாய். இந்த வருஷம் வாங்காதே. ஏன் என்று சொல்ல, என் மானம் போன ஒரு கதையைச் சொல்ல வேண்டும். இதுவரை உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

இருபது வருஷம் இருக்கும். ஒரு ரசாயனத் தொழிற்சாலை, பெயர் வேண்டாம். அவர்களுடைய தீயணைப்பு நீர் அமைப்புக்கு ஃபால்ட் ட்ரீ போடச் சொன்னார்கள். மரத்தின் உச்சியில் ‘தீப்பிடித்தபோது தண்ணீர் வரவில்லை’ என்று எழுதினேன். அதற்குக் கீழே, எதெல்லாம் கெட்டால் அப்படி நடக்கும் என்று கிளை கிளையாக இறங்க வேண்டும். அங்கே ஒரு மின்சார பம்பு, அது ஓடாவிட்டால் டீசல் பம்பு. இரண்டும் சேர்ந்து படுத்தால்தான் தண்ணீர் நிற்கும், ஆகவே நடுவில் இரண்டையும் இணைக்கும் ஒரு ‘ஆண்ட்’ (AND) கேட். கூப்பிடும்போது ஓடாமல் போகும் வாய்ப்பு ஒவ்வொன்றுக்கும் நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். பெருக்கினால் பத்தாயிரத்தில் ஒன்று. அன்றைக்குப் புதிதாக வாங்கிய மென்பொருள் அதைக் கலர் கலராக வரைந்து கொடுத்தது. நாற்பது பக்கம், ஸ்பைரல் பைண்டிங்.

கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். பம்பு ஹவுஸ் சாவி கொடுக்க வந்த வயதான ஃபிட்டர் ஒருவர் கதவோரம் நின்று படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “சார், மே மாசத்துல ரெண்டும் சேர்ந்துதான் காத்து இழுக்கும். அது இந்தப் படத்துல எங்க இருக்கு?” என்றார்.

போய்ப் பார்த்தோம். இரண்டு பம்புக்கும் ஒரே சம்ப். உறிஞ்சு குழாய்களின் அடியில் இருக்கும் இரண்டு ஃபுட் வால்வும் ஒரே மட்டத்தில் தொங்கின. கோடையில் அதே சம்பிலிருந்துதான் மற்ற வேலைகளுக்கும் தண்ணீர் எடுப்பார்கள். மட்டம் இறங்கினால் இரண்டு ஃபுட் வால்வும் ஒரே நாளில் வெளியே தெரியும். என் மரத்தில் மட்டும் அந்த இரண்டு பம்பும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி ஆளுக்கொரு கிளையில் உட்கார்ந்திருந்தன.

ஒரே காரணம் இரண்டையும் சேர்த்துக் கவிழ்ப்பதற்கு காமன் காஸ் என்று பெயர். கணக்கில் சேர்க்க பீட்டா ஃபேக்டர் என்று ஒரு எளிய வழி உண்டு. ஒரு பம்பு படுக்கிற நூறு தடவையில் பத்துத் தடவை, மற்றதையும் சேர்த்துப் படுக்க வைக்கிற காரணத்தால் என்று வைத்துக்கொள். அப்போதே பதில் பத்தாயிரத்தில் ஒன்று இல்லை, ஆயிரத்தில் ஒன்று. இன்னொரு பம்பு வாங்கி அதே சம்பில் இறக்கினாலும் அந்த ஆயிரத்தில் ஒன்று பெரிதாக அசையாது. என் மென்பொருளில் பீட்டாவுக்கு ஒரு பெட்டி இருந்தது. நான் நிரப்பாததால் அது பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. அதன் மேல் தப்பு இல்லை.

அதற்குப் பிறகு எந்த விபத்தைப் படித்தாலும் நான் அந்த சம்பைத்தான் தேடுகிறேன். போபாலையே எடு. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு. அந்த ஆலையைக் காகிதத்தில் பார்த்தால் அடுக்கடுக்காகப் பாதுகாப்பு இருக்கும்: தொட்டியைக் குளிர்விக்கக் குளிர்பதன இயந்திரம், கசியும் வாயுவைக் கழுவ ஸ்க்ரப்பர், மிச்சத்தை எரிக்க ஃப்ளேர் டவர், கடைசியாக நீர்த்திரை. அன்று குளிர்பதனம் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. ஸ்க்ரப்பர் காத்திருப்பு நிலையில் கிடந்தது. ஃப்ளேருக்குப் போகும் குழாயைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். நீர்த்திரை வாயு வெளியேறிய உயரத்துக்கு எட்டவில்லை. எல்லாவற்றையும் தனித்தனி என்று வைத்துப் பெருக்கினால் கோடியில் ஒன்று என்றுகூட வரும். அவை தனித்தனியாகக் கெடவில்லை. செலவைக் குறைத்த ஒரே நிர்வாகத்தின் கீழே எல்லாம் சேர்ந்து கிடந்தன. அந்த சம்பை எந்த மரத்தில் வரைவது, சொல்.

ஃபுகுஷிமா இன்னும் தெளிவு. 2011 மார்ச் 11 அன்று சுனாமி வந்தபோது, மின்சாரம் போனால் ஓட வேண்டிய டீசல் ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் தாழ்வான இடத்தில் இருந்தன, தண்ணீர் புகுந்தது. ஆறாவது உலைக்கான ஜெனரேட்டர்களில் ஒன்று மட்டும் வேறு கட்டடத்தில், உயரமான இடத்தில், கடல்நீர் தேவைப்படாமல் காற்றால் குளிரும் வகை. அது ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்தாவது, ஆறாவது உலைகள் அதை வைத்துத்தான் தப்பின. எத்தனை ஜெனரேட்டர் என்பதைவிட அவற்றில் ஒன்று வேறு மாதிரி இருந்ததே கைகொடுத்தது. நம் கல்பாக்கத்திலும் 2004 டிசம்பர் 26 அன்று கடல்நீர் பம்பு ஹவுஸில் தண்ணீர் ஏறியது ஞாபகம் இருக்கும். ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். நான் அன்று காலை உனக்குத்தான் முதலில் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை.

மென்பொருளே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. 1962-இல் பெல் ஆய்வகத்தில் வாட்சன் என்பவர் மினிட்மேன் ஏவுகணையின் ஏவுதல் கட்டுப்பாட்டுக்காக இந்த மரத்தை முதலில் யோசித்தபோது உன் மடிக்கணினி இல்லை. உன் பம்பு செட்டுக்கு முப்பது, நாற்பது நிகழ்வுக்கு மேல் வராது. சார்ட் பேப்பரிலும் எக்செல்லிலும் முடித்துவிடலாம். அணு உலை மாதிரி ஆயிரக்கணக்கில் போனால் கையால் முடியாது. எந்தெந்தக் கோளாறுகள் சேர்ந்தால் உச்சி நிகழ்வு நடக்கும் என்ற குறைந்தபட்சக் கூட்டணிகளை, கட் செட் என்பார்கள், அங்கே கணினிதான் தேட வேண்டும். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்காக ஐடஹோ ஆய்வகம் செய்த சஃபையர் மென்பொருள் அதற்குத்தான். விற்பனைக்கு ஐசோகிராஃப், ரிலையாசாஃப்ட் என்று பல உண்டு. ஓப்பன்எஃப்டிஏ மாதிரி இலவசமும் உண்டு. எதுவானாலும், விடை வந்ததும் கீழே வரும் எண்ணைப் பார்க்காதே. ஒரே ஒரு கோளாறு தனியாக நின்று மொத்தத்தையும் கவிழ்க்கிற கட் செட் ஏதாவது இருக்கிறதா என்று பார்.

இதைவிடப் பெரிய தலைவலி தரவு. விற்பனைப் பையன் எம்டிபிஎஃப் எண்ணை எங்கிருந்து எடுத்தான் என்று கேட்டாயா? மின்னணுப் பாகம் என்றால் பெரும்பாலும் மில் ஹேண்ட்புக் 217 என்ற அமெரிக்க ராணுவக் கையேடு. அது கடைசியாகத் திருத்தப்பட்டது 1995-இல். பம்பு, வால்வு என்றால் எண்ணெய் நிறுவனங்கள் சேர்ந்து தொகுத்த ஒரேடா. நல்ல தொகுப்புதான், ஆனால் அதன் வேர் வட கடல் மேடைகளில் இருக்கிறது. தூத்துக்குடி உப்புக்காற்றில் நின்று மணல் கலந்த தண்ணீரைக் குடிக்கிற பம்புக்கு அந்த எண்ணை அப்படியே ஒட்டினால் யாரை ஏமாற்றுகிறோம்?

உன்னிடம் அதைவிட நல்ல தரவு இருக்கிறது, உன் சர்வீஸ் ரிஜிஸ்டர். ஒரு எச்சரிக்கை மட்டும். இருநூறு பம்பு விற்றாய், முதல் வருஷத்தில் பன்னிரண்டில் தண்ணீர் கசியாமல் காக்கும் மெக்கானிக்கல் சீல் போய்விட்டது என்று வை. அந்தப் பன்னிரண்டின் சராசரியை எடுத்து சீலின் ஆயுள் ஏழு மாதம் என்று எழுதுவார்கள். படித்தவர்களே செய்கிற தப்பு. மற்ற நூற்று எண்பத்தெட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதே! ஓடுகிறவற்றை ‘சஸ்பென்ஷன்’ என்று சேர்த்துத்தான், ஆயுளைக் கணிக்கும் வெய்புல் வரைபடம் போட வேண்டும். அதில் ஷேப் என்று வரும் எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் பொருத்தியபோதே ஏதோ கோளாறு, உன் அசெம்பிளி ஆளைப் பிடி. ஒன்றுக்கு நன்றாக மேலே இருந்தால் தேய்மானம், சீல் மெட்டீரியலைப் பார். ஒன்றை ஒட்டி இருந்தால் எப்போது வேண்டுமானாலும் போகும், தேதி பார்த்து மாற்றிப் பயனில்லை. இந்த வேலைக்கு மென்பொருள் நிஜமாகவே உதவும்.

எஃப்எம்இஏவில் ஒவ்வொரு கோளாறுக்கும் கடுமை, நிகழ்வு, கண்டறிதல் என்று மூன்று மதிப்பெண் போட்டுப் பெருக்குவார்கள். ஆர்பிஎன் என்ற அந்தப் பெருக்கலை நம்பாதே. கடுமை 10, நிகழ்வு 2, கண்டறிதல் 3 என்றால் 60. கடுமை 4, நிகழ்வு 5, கண்டறிதல் 6 என்றால் 120. ஆளைக் கொல்லக்கூடியது பட்டியலில் கீழே போய்விடும், பெயின்ட் உரிவது மேலே வந்து நிற்கும். 2019-இல் அமெரிக்க, ஜெர்மன் வாகனத் துறையினர் சேர்ந்து வெளியிட்ட கையேட்டில் இந்தப் பெருக்கலை விட்டுவிட்டு, கடுமையை முன்னால் வைத்து முன்னுரிமை கொடுக்கும் அட்டவணைக்கு மாறிவிட்டார்கள். உன் வாடிக்கையாளர் இன்னும் பழைய படிவத்தையே கேட்டால் கொடு, ஆனால் கடுமை 9, 10 உள்ளவற்றைத் தனியாக எடுத்துப் பார்த்துக்கொள்.

இப்போது பயிற்சி. போன வாரம் நான் எடுத்த வகுப்பில் பதினாலு பேர், எல்லோரும் முப்பதுக்குள். முதல் நாள் மடிக்கணினியைத் திறக்கவே விடவில்லை. வகுப்பு நடந்த தொழிற்சாலையின் பம்பு ஹவுஸுக்குக் கூட்டிப்போய், “இரண்டு பம்புக்கும் பொதுவாக என்னென்ன இருக்கிறது, எழுதுங்கள்” என்றேன். சம்பை நாலு பேர் கண்டுபிடித்தார்கள். ஒரு பெண் பேனலுக்குப் பின்னால் போய் நெடுநேரம் நின்றாள். டீசல் எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியின் சார்ஜர், மின்சார பம்பின் பேனலிலிருந்தே வயர் எடுத்திருந்தது. பேனல் போனால் பேட்டரி உடனே சாகாது. மெதுவாகச் சாகும், ஒருவருக்கும் தெரியாமல். எனக்கே அது தோன்றவில்லை, அவளிடம் அப்படியே சொன்னேன்.

அடுத்து சோதனைப் பதிவேடு. இப்படி ஒளிந்திருக்கும் கோளாறால் கூப்பிடும்போது ஓடாமல் போகும் வாய்ப்பைக் கணக்கிட, கோளாறு விகிதத்தைச் சோதனை இடைவெளியால் பெருக்கி இரண்டால் வகுப்பது வழக்கம். வாரம் ஒரு சோதனை, வருஷம் ஒரு சோதனை, இரண்டுக்கும் ஐம்பத்திரண்டு மடங்கு வித்தியாசம். அந்தத் தொழிற்சாலையின் அறிக்கை வாரம் ஒரு தடவை என்று கணக்குப் போட்டிருந்தது. பதிவேட்டைத் திறந்தால் ஆறு மாத டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. பையன்கள் சிரித்தார்கள். பாதுகாப்பு அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்த வகுப்பில் எனக்குப் பிடித்த ஐந்து நிமிஷம் அதுதான்.

ஆகவே மகளை ஆறு மாதம் உன் சர்வீஸ் ஆட்களோடு சைட்டுக்கு அனுப்பு. மாலையில் என்பிடெல் இணையதளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் எடுத்த நம்பகத்தன்மைப் பாடங்களைப் பார்க்கட்டும், இலவசம்தான். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1981-இல் போட்ட ஃபால்ட் ட்ரீ கையேடும் இலவசமாகக் கிடைக்கிறது. பழசாகத் தெரியும், ஆனால் அடிப்படைக்கு நான் இன்னும் அதைத்தான் புரட்டுகிறேன். ஜெர்மன் சோதனை அமைப்பான டியூவியின் சான்றிதழ் வகுப்பு நாலைந்து நாள், கட்டணம் அதிகம், சில வருஷ அனுபவமும் கேட்பார்கள். அவளுக்கு இப்போது வேண்டாம். மென்பொருள் நிறுவனங்கள் நடத்தும் பயிற்சி பெரும்பாலும் எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதுதான். வாங்கிய பிறகு போனால் போதும்.

வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய மரத்தை அவளே முதலில் வரையட்டும். நான் பொங்கலுக்கு அங்கே வரும்போது இரண்டு நாள் உட்கார்ந்து பார்க்கிறேன். அதற்கு முன்னால் சர்வீஸ் ரிஜிஸ்டரை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. தயவுசெய்து டைப் அடித்துச் சுத்தமாக அனுப்பாதே. எண்ணெய்க் கறையும் அடித்தல் திருத்தலும் எனக்கு வேண்டும். அப்படியே உங்கள் டெஸ்ட் பெஞ்சில் இரண்டு பம்பும் எந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்கின்றன என்று போய்ப் பார்த்து ஒரு வரி எழுது.

அம்மாவுக்கு கண் ஆபரேஷன் எப்படி முடிந்தது என்று நீ எழுதவே இல்லை.

உன்,
பழைய அறைத்தோழன்