அது முகலாய அரசவை அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் நடுப்பக்கத்தில் ஒரு சிற்றோவியம் போட்டு, கீழே 'முகலாய அரசவை' என்று அச்சிட்டிருந்தீர்கள். அந்த இரண்டு சொற்களைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நாற்காலியில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறாரே, நகையில்லாத வெள்ளைத் தாடிக்காரர், அவர் லாகூரை ஆண்ட சீக்கிய மகாராஜா ரஞ்சித் சிங். எதிரே நாற்காலியில் இருக்கும் இளைஞன் ஹீரா சிங். பக்கத்தில் நிற்பவர் அவன் அப்பா, பிரதான மந்திரி தியான் சிங். மகன் உட்கார்ந்திருக்க அப்பா நிற்கிறார். அந்தப் பிள்ளைக்கு லாகூர் தர்பாரில் அவ்வளவு செல்லம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தவர்கள் இருக்கும் இடத்தில் இப்படி நடந்ததுதான் வருத்தம்.

வேலை நிமித்தம் 11 வருடம் சண்டிகரில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னை 10-ஆம் செக்டார் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவார். 1947-இல் சிறுவனாக லாகூரிலிருந்து வந்தவர் அவர். மறு வருடமே லாகூர் அருங்காட்சியகத்தின் பொருள்களையும் பங்கு பிரித்தார்கள். 40 சதவீதம் நம் பக்கம் வந்தது. "நானும் இந்தப் படங்களும் ஒரே ஊர்க்காரர்கள்" என்பார். மூச்சுபட்டுக் கண்ணாடி மங்கும்வரை குனிந்து, தாடியின் ஒவ்வொரு முடியையும் விரலால் காட்டுவார். சின்ன வயதில் அம்மையில் மகாராஜாவுக்கு இடது கண் போய்விட்டது. அது தெரியாதபடி பக்கவாட்டில் தீட்டிய படங்களும் உண்டு, மறைக்காமல் தீட்டிய படங்களும் உண்டு. அந்தப் பெரியவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இன்று அவர் இல்லை. இருந்திருந்தால் உங்கள் இதழை எப்படி அவர் கையில் கொடுத்திருப்பேன்?

இது முதல் தடவையாக இருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். இரண்டு வருடம் முன்பு, கோகினூர் வைரம் ஆங்கிலேயருக்குப் 'பரிசாக' அளிக்கப்பட்டது என்று எழுதினீர்கள். 1849-இல் ரஞ்சித் சிங்கின் மகன், 10 வயதுப் பையன் துலீப் சிங்கிடம் கையெழுத்து வாங்கி, ராஜ்ஜியத்தோடு சேர்த்துப் பறித்ததற்குப் பெயர் பரிசா? அன்றே கடிதம் போட்டேன். வெளியிடவில்லை, சரி. அப்புறம் பஹாரி ஓவியங்கள், அதாவது இமயமலைப் பக்கத்து மலைநாட்டு ஓவியங்கள் பற்றிய கட்டுரையில் எல்லாப் படத்துக்கும் 'பெயர் தெரியாத ஓவியர்' என்றே போட்டீர்கள். நைன்சுக், மனக்கு, புர்க்கு என்று பெயர்கள் இருக்கின்றன. ஹரித்வாரின் பண்டாக்கள் என்னும் தீர்த்தப் புரோகிதர்களின் வம்சாவளிப் பதிவேடுகளைப் புரட்டி நைன்சுக் குடும்பத்தின் தலைமுறைகளையே கண்டெடுத்துத் தந்தவர் கலை வரலாற்றாசிரியர் பி.என். கோஸ்வாமி. 1809-இல் மலைநாட்டின் காங்க்ரா கோட்டை ரஞ்சித் சிங் கைக்குப் போனபின், அந்த மலைநாட்டு ஓவியர்கள் சீக்கியப் பிரபுக்களுக்காகவும் தீட்டினார்கள். தலைப்பாகையும் தாடியும் புதிது, கை மட்டும் நைன்சுக்கின் ஊரான குலேரின் பழைய கை. அந்தக் கையைப் பார்த்துப் பழகியவர்கள் முகலாயம் என்று சொல்லவே மாட்டார்கள். போதாக்குறைக்கு, படத்தைச் சுற்றியிருந்த பூக்கரையையும் வெட்டிவிட்டுத்தான் அச்சிட்டிருக்கிறீர்கள்.

அடுத்த இதழில் இரண்டு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால் படத்தைக் கரையோடு, முழுசாக இன்னொரு முறை அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பல வருட வாசகர்