நோம்பிக்கு ஒரம்பரை

கோயம்புத்தூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள புனிதா,

நான்கு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் திட்டு. நான் நலம். விசா, 14 நாளுக்குள் முடிக்க வேண்டிய வெளிநாட்டவர் பதிவு, விடுதி அறை எல்லாம் ஒழுங்காகிவிட்டன. உன் அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்ததை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதை நீ சொல்லியிருக்க வேண்டும், ராட்சசி!

அம்மாயியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வியாழன் இரவு விடுதியில் பரிமாறும் அக்கா, அரிசிம்பருப்பு சாதத்தை என் தட்டில் போட்டுக்கொண்டே, "நாளைக்கு நான் வரமாட்டேன், கண்ணு. ஊரில் மாரியம்மன் நோம்பி. வீடு நிறைய ஒரம்பரை வந்துவிடும்" என்றார்.

எனக்குக் கை ஓடவில்லை. இந்த இரண்டு சொல்லையும் சேர்த்து நான் கேட்டது அம்மாயி வாயில் மட்டும்தான். நம் மலேசியத் தோட்டத்தில், தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்துகொண்டே "நோம்பிக்கு ஒரம்பரை வரும், திண்ணையைக் கூட்டு" என்றார். நோம்பியை நோன்பு என்று நினைத்து, நீ உடனே மலாய்க்காரர்களின் நோன்பைச் சொல்லி, "பாட்டி, நீங்களும் புவாசாவா?" என்று கேட்டாய். வரிசை வீடுகள் முழுக்க, லயமே சிரித்தது. நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

அம்மாயி தப்பாக எதையும் சொல்லவில்லை, புனிதா. இங்கே திருவிழாவுக்குப் பெயரே நோம்பி. வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் ஒரம்பரை. கொங்கு நாடு முழுக்க அப்படித்தான் பேசுகிறது. அக்காவுக்குச் சொந்த ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். அம்மாயியின் அப்பா "சேலம் ஜில்லா" என்று மட்டும் சொல்வாராம். நான் சேலம் நகரத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். திருச்செங்கோடும் நாமக்கல்லும் பழைய சேலம் ஜில்லாவில்தான் இருந்திருக்கின்றன. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான். இந்திய அரசு 1938-இல் மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தியது. அதற்கு முன்பே கப்பலேறியவர்கள் அம்மாயியின் பெற்றோர். அம்மாயி பிறந்தது தோட்டத்தில். இந்த மண்ணை மிதித்ததில்லை. ஆனாலும் கடைசிவரை இந்த ஊர்க்காரராகவே பேசியிருக்கிறார்.

அன்று இரவு தூங்கவில்லை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு.

போன மாதம் வகுப்பில் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைப் படித்தோம். 1935-இல் வந்தது, மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கதை. அதன் தொடர்ச்சியாக மலாயாத் தோட்டக் கதை ஒன்றை வாசிக்கும்படி என்னிடம் சொன்னார்கள். முதல் பத்தியிலேயே நிறுத்தவேண்டியதாயிற்று. கித்தா என்றால் என்ன, மங்கு என்றால் என்ன, பெரட்டு என்றால் என்ன என்று வரிசையாகக் கேட்டார்கள். கித்தா என்றால் ரப்பர் என்று சொல்லி, கரும்பலகையில் ரப்பர் மரம் வரைந்தேன். இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவாக ஒரு கோடு, பாதி மரத்தைச் சுற்றி. உளி அந்தக் கோட்டில் பட்டையை மெல்லியதாகச் சீவிக்கொண்டு போகவேண்டும். ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். கோட்டின் அடியில் பால் வடியும் கிண்ணம், அதுதான் மங்கு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு. மறுநாள் கோட்டில் காய்ந்து கிடக்கும் பாலை உரித்தெடுத்தால் அது கோட்டுப்பால். நாம் அதை உருட்டிப் பந்து செய்ததையும் சொன்னேன். வகுப்பு அசையாமல் கேட்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

கடைசியில் ஒருவர், "இவ்வளவு விளக்கம் தேவைப்படுகிற கதை எப்படி நல்ல கதையாகும்?" என்றார். கதையின் முடிவில் அருஞ்சொற்பொருள் சேர்க்கலாம் என்று பேராசிரியரும் சொன்னார். மாடு கட்டிக் கமலை இறைப்பதை நான் கண்ணால் பார்த்ததில்லை. இங்கத்திய கதைகளில் அது வந்தபோது நாலு பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்கு யாரும் அருஞ்சொற்பொருள் போடவில்லையே!

"மலேசியாவில் சிறுகதையெல்லாம் உண்டா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 1950-இல் தமிழ் நேசன் நாளிதழ் 'கதை வகுப்பு' நடத்தி, சிறுகதை எழுதுவது எப்படி என்று வாசகர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். கு. அழகிரிசாமியை இங்கே எல்லாரும் கொண்டாடுகிறார்கள். அவர் 1952 முதல் 1957 வரை கோலாலம்பூரில் அதே தமிழ் நேசனில் இருந்தார் என்றதும்தான் பேனாவை எடுத்தார்கள்.

இவ்வளவு வாதாடியவள் வியாழன் இரவு அறைக்கு வந்து, நான் சுமந்துகொண்டு வந்த தொகுப்புகளை எல்லாம் புரட்டினேன். கித்தா இருக்கிறது, மங்கு இருக்கிறது, வேலையை மேற்பார்க்கும் தண்டல் இருக்கிறார். நோம்பி இல்லை. ஒரம்பரை இல்லை. என்னிடம் இருக்கிற கதைகளில் பாட்டிகள் எல்லாரும் ஒரே மாதிரி, பாடப்புத்தகம்போலப் பேசுகிறார்கள். நம் தோட்டத்தில் அப்படியா பேசினார்கள்? உன் ஆயா பேச்சு வேறு, அம்மாயி பேச்சு வேறு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைப் பாட்டி பேச்சு முற்றிலும் வேறு.

ஏன் எழுதப்படவில்லை என்று யோசித்தேன். உனக்குக் கவனம் இருக்கிறதா பார். நாம் இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவத்துக்குப் போன பிறகு அம்மாயி நம் முன்னால் நோம்பி என்று சொன்னதே இல்லை. "தீபாவளி" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வார், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல. நாம் சிரித்துச் சிரித்து அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து எடுத்துவிட்டோம். அம்மாயி போய் ஐந்து வருஷம் ஆகிறது. இப்போது போய் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

ஆய்வுத் தலைப்பை மாற்றிவிட்டேன். தோட்டக் கதைகளில் பாட்டிகள் என்ன தமிழ் பேசுகிறார்கள், என்ன தமிழ் பேசவில்லை என்பதுதான் இனி. பேராசிரியர் முதலில் தயங்கினார். அரைமணி நேரம் பேசிய பிறகு ஒப்புக்கொண்டார். நியாயமான மனிதர்.

உன்னிடம் இரண்டு உதவி. உன் அம்மா அந்த லயத்தில் முப்பது வருஷம் அம்மாயிக்குப் பக்கத்து வீடு. அம்மாயி சொன்ன சொற்களில் நினைவிருப்பதையெல்லாம் அவரிடம் கேட்டு எழுதி அனுப்பு. திருத்தாமல், அவர் சொல்கிறபடியே எழுது. அடுத்தது, உன் வீட்டுப் பின்கட்டில் துளசி நட்டிருக்கும் மங்கு. துளசியை வேறு சட்டிக்கு மாற்றிவிட்டு, மங்குக் கிண்ணத்தைப் பழந்துணியில் நன்றாகச் சுற்றி அனுப்பு. அடுத்த மாதம் மறுபடியும் வாசிக்கப்போகிறேன். இந்தத் தடவை கரும்பலகையில் வரையாமல் மேசைமேல் வைக்கவேண்டும்.

பொங்கல் விடுமுறைக்கு அக்கா தன் ஊருக்கு அழைத்திருக்கிறார். போகிறேன்.

அன்புடன்,
மலர்