மூன்று மாதத்தில் ஒரு பட்டை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்திருக்கும் இவ்வேளையில், எங்கள் குடியிருப்பின் சுற்றுச்சுவரில் டேக்வாண்டோ என்னும் கொரியத் தற்காப்புக் கலை வகுப்புகளுக்கான விளம்பரங்கள் இரண்டு ஒட்டப்பட்டிருக்கின்றன. மாஸ்டரின் தகுதியைப் பற்றி இரண்டிலும் ஒரு வரி கூட இல்லை. மூன்று மாதத்தில் ஒரு பட்டை, அதாவது தேர்ச்சி நிலையைக் காட்டும் இடுப்பு பெல்ட், என்ற உறுதிமொழி மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. பிள்ளைகளைப் புதிதாக இக்கலையில் சேர்க்க எண்ணும் பெற்றோர் அந்த ஒரு வரியை நம்பிப் பணம் கட்டிவிட வேண்டாம் என்று சொல்வதற்காகவே இக்கடிதம். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒருமுறை அப்படி நம்பிப் பணம் கட்டியவள் நான். இப்போது நாற்பத்து மூன்று வயதில் தொடக்க நிலைக்குரிய வெள்ளைப் பட்டையைக் கட்டிக்கொண்டு என் மகனுக்குப் பின்வரிசையில் நிற்பவளும் நான்தான்.

மகன் நான்காம் வகுப்புப் படித்தபோது வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு வகுப்பில் சேர்த்தோம். ஏழு மாதங்களில் இரண்டு பெல்ட் டெஸ்ட் நடந்தது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், சான்றிதழ், கழுத்தில் ஒரு பதக்கம், மாஸ்டருடன் ஒரு புகைப்படம். இடுப்பில் பச்சைப் பட்டை ஏறியதும் உறவினர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினோம். பிறகு வீடு மாறியதால் வேறொரு மாஸ்டரிடம் அழைத்துச் சென்றேன். அவர் சான்றிதழைக் கையில் வாங்கவே இல்லை. மண்டபத்தின் நடுவில் அவனை நிறுத்தி, தொடக்க நிலையினர் முதன்முதலாகக் கற்கும் 'தேகுக் இல் ஜாங்' என்ற பூம்சேயைச் செய்யச் சொன்னார். பதினெட்டே அசைவுகள் கொண்ட வரிசை அது. பையனின் கைகள் மனப்பாடமாக ஓடின. கால்கள் மட்டும் எங்கெங்கோ விழுந்தன. முன்காலை வளைத்துப் பின்காலை நீட்டி நிற்கும் 'அப் குபி' நிலை வந்தபோது மாஸ்டர் அருகில் போய் அவன் தோளை ஒரே விரலால் தள்ளினார்; இரண்டடி தடுமாறித்தான் நின்றான். கடிந்து ஒரு சொல்லும் பேசாமல், அலமாரியிலிருந்து வெள்ளைப் பட்டை ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தார். வீடு திரும்பும் வரை ஸ்கூட்டரின் பின்னால் இருந்தவன் வாயே திறக்கவில்லை.

இதில் பெற்றோர் பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்று செல்லும் வண்ணப் பட்டைகளை, அதாவது பத்தாம் 'குப்' தொடங்கி முதல் 'குப்' வரையிலான படிகளை, பயிற்சி தரும் மாஸ்டரோ அவர் சார்ந்த சங்கமோதான் வழங்குகின்றனர். தென்கொரியத் தலைநகர் சியோலில் 1972ஆம் ஆண்டு திறக்கப்பட்ட குக்கிவோன் என்னும் தலைமையகம் சான்றளிப்பது கருப்புப் பட்டையிலிருந்துதான். பதினைந்து வயது நிரம்பாதவர்களுக்கு அதையே 'பூம்' என்றும், மற்றவர்களுக்கு 'டான்' என்றும் பெயரிட்டு வழங்குகிறது. அந்தச் சான்றிதழில் உள்ள எண்ணைக் கொண்டு அது உண்மையானதா என்று சரிபார்க்க முடியும். வண்ணப் பட்டைக்கு அப்படி எந்தச் சரிபார்ப்பும் கிடையாது. ஆகவே பிள்ளையின் மஞ்சள் பட்டைக்கு என்ன மதிப்பு என்பது அதைக் கட்டிவிட்ட மாஸ்டரின் மதிப்பைப் பொறுத்தது. வகுப்பில் சேரும் முன்னர் பிள்ளைக்கு எப்போது பட்டை கிடைக்கும் என்று கேட்பதைவிட, 'மாஸ்டர், உங்கள் டான் சான்றிதழைப் பார்க்கலாமா?' என்று கேட்பதே முறை. நல்ல மாஸ்டர் எவரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. முதல் டானிலிருந்து இரண்டாம் டானுக்குத் தேர்வெழுதவே குறைந்தது ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்பது குக்கிவோனின் விதி. அந்த நிலையிலேயே ஓராண்டு பொறுக்க வேண்டியிருக்க, நேற்றுச் சேர்ந்த குழந்தைக்கு மட்டும் மூன்று மாதக் கெடு எதற்கு?

எந்த அமைப்பின் வழியில் கற்பிக்கிறார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. 1966இல் தொடங்கப்பட்ட சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பைப் பின்பற்றும் வகுப்புகளில் அசைவு வரிசைகள் முற்றிலும் வேறு; அங்குத் தொடக்கம் 'சோன் ஜி'. ஒலிம்பிக்கில் நடப்பது, 1973இல் தொடங்கி இன்று வேர்ல்டு டேக்வாண்டோ என்று அழைக்கப்படும் அமைப்பின் விதிப்படியான ஆட்டம். இரண்டில் எது உயர்ந்தது என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் பிள்ளை வரிசைகளை மீண்டும் முதலிலிருந்து படிக்க நேரும் என்பதை மட்டும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

மகனுடன் போய் வாசற்படியில் அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு நான்கு மாதம் உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்வதற்குப் பதில் நீங்களும் வரலாமே அம்மா என்று மாஸ்டர் சொன்னதால் நானும் சேர்ந்தேன். முதல் மாதம் முழுவதும் நிற்கவும், நடக்கவும், குனிந்து வணங்கவும், பட்டையின் இரு முனைகளும் ஒரே நீளத்தில் தொங்கும்படி முடிச்சுப் போடவும்தான் கற்றேன். 'சர்யோத்' என்றால் நேராக நில், 'ஜுன்பி' என்றால் ஆயத்தமாகு, 'சிஜாக்' என்றால் தொடங்கு. ஹனா, துல், செத் என்று கொரிய மொழியில் எண்ணக் கற்றபோது, அம்மொழியிலும் தந்தையை 'அப்பா' என்றே அழைப்பார்கள் என்று மாஸ்டர் சொன்னதும் சிறுவர்கள் அனைவரும் சிரித்துவிட்டார்கள். வகுப்பில் வேடிக்கைக்கு இருந்த இடம் அவ்வளவுதான்.

இரண்டாம் மாதம் சுழன்று உதைக்கும் 'தோல்யோ சாகி' வந்தது. என் கால் எவ்வளவு உயரம் போகிறது என்பதிலேயே நான் குறியாக இருந்தேன். ஒரு வாரத்தில் இடது முழங்காலின் உட்புறம் வலி எடுத்தது. உதைத்த வலது காலில் எந்தக் குறையும் இல்லாதபோது நின்ற கால் ஏன் வலிக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. மாஸ்டர் தரை விரிப்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, 'மேலே போற காலை மறந்துடுங்கம்மா. கீழே நிக்கிற காலோட குதிகால் எங்கே பார்க்குதுன்னு மட்டும் பாருங்க' என்றார். உதைக்கும்போது நிற்கும் பாதம் முன்பாதத்தின் மேல் திரும்பி, குதிகால் இலக்கை நோக்கி வர வேண்டும். பாதம் திரும்பாமல் இடுப்பு மட்டும் திரும்பினால், அந்த முறுக்கு முழுவதையும் முழங்கால் தாங்குகிறது. இந்த ஒன்றைப் பழக எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. அதுவரை என் உதை இடுப்புக்கு மேல் போக அவர் அனுமதிக்கவில்லை. அவசரமாகப் பட்டை கொடுக்கும் வகுப்பில் இந்த ஆறு வாரத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

பிள்ளையின் இரு கால்களையும் பக்கவாட்டில் விரித்து, தொடைமேல் ஆள் ஏறி அழுத்தும் பழக்கத்தை இன்றும் சில வகுப்புகளில் காணலாம். தொடை, இடுப்புத் தசைகள் வளைந்துகொடுக்க மாதக்கணக்கு ஆகும். அழுத்திப் பிரித்தால் தசைநார் கிழியக்கூடும். குழந்தை அழுவதைப் பார்த்தும் 'வலித்தால்தான் வரும்' என்று சொல்லும் இடத்திலிருந்து அன்றே அழைத்து வந்துவிடுவது உத்தமம்.

மோதல் பயிற்சிக்கும் இதே அவசரந்தான். போட்டி விதிப்படி உடற்கவசத்தின் மீது விழும் சாதாரண உதைக்கு இரண்டு புள்ளி, தலைக்கு மூன்று, முதுகு காட்டிச் சுழன்று உதைத்துத் தலையைத் தொட்டால் அதைவிட அதிகம். இந்தக் கணக்கைச் சிறுவர்கள் வெகு சீக்கிரம் மனத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். எதிராளியிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பது என்று தெரியும் முன்பே தலைக்குக் கால் வீசுகிறார்கள். தலைக்கவசமும் பல் பாதுகாப்பானும் இல்லாமல் மோத விடுவதை எக்காரணம் கொண்டும் ஏற்கக் கூடாது. அதே வேளையில், சேர்ந்த முதல் வாரத்திலேயே உடற்கவசம், கை கால் கவசங்கள் எல்லாவற்றையும் வகுப்பிலேயே வாங்கச் சொல்வதும் தேவையற்றது. தொடக்கத்துக்குத் தளர்ந்த கால்சட்டையும் வெட்டிய நகங்களும் போதும். 'டோபோக்' சீருடையைக்கூட ஒரு மாதம் கழித்து வாங்கலாம்.

2000ஆம் ஆண்டு சிட்னியில் இது முழுமையான ஒலிம்பிக் பதக்க விளையாட்டாக அறிமுகமானபோது, வியட்நாம் தன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை இதில்தான் வென்றது. 2008இல் ஆப்கானிஸ்தானுக்கும் முதல் பதக்கம் இதிலேயே கிடைத்தது. பெரும் செலவின்றிக் கற்கக்கூடிய விளையாட்டு என்பதால்தான் நம் ஊர்ப் பிள்ளைகளும் இதில் சேர வேண்டும் என்று விரும்புகிறேன். அரசுப் பள்ளி மாணவியருக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் தரப்படும் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி வரவேற்கத்தக்கது; அதில் ஆர்வம் காட்டும் பிள்ளை மேற்கொண்டு எங்கே கற்பது என்பதற்கும் பள்ளியே வழிகாட்ட வேண்டும்.

பயிற்சி நிலையம் ஒவ்வொன்றின் வாசலிலும் மாஸ்டரின் டான் நிலை, சான்றிதழ் எண், சார்ந்திருக்கும் சங்கம், மாதக் கட்டணம், பட்டைத் தேர்வுக் கட்டணம் ஆகியவற்றை எழுதிய பலகை வைப்பதைக் கட்டாயமாக்குமாறு மாவட்ட விளையாட்டு அலுவலர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். சேரும் முன் பெற்றோர் ஒரு வகுப்பை முழுமையாக உட்கார்ந்து பார்க்கவும் அனுமதிக்க வேண்டும். மாஸ்டர் உண்மையிலேயே நின்று கற்பிக்கிறாரா, அல்லது சிவப்புப் பட்டை மாணவனிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டுக் கைபேசியோடு வெளியே போகிறாரா என்பது அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்.