அரிஸ்டாட்டில் சொன்ன 'நடு' பாதி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மிகைக்கும் குறைக்கும் நடுவே நிற்பதே நற்பண்பு என்னும் அரிஸ்டாட்டிலின் நடுநிலைக் கொள்கையை 'எதையும் பாதியோடு நிறுத்திக்கொள்' என்றே பலரும் மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். அது தவறு. 10 மினா (பழைய கிரேக்க எடை அளவு) உணவு அதிகம், 2 மினா குறைவு என்பதற்காகப் பயிற்சியாளர் எல்லோருக்கும் 6 மினா கொடுக்கமாட்டார் என்கிறார் அவர். மல்யுத்த வீரன் மிலோவுக்கு அது போதாது; புதிதாக வந்தவனுக்கு அதுவே மிகை. நம் வியாசர்பாடி, ராயபுரம் பக்கத்துக் குத்துச்சண்டைப் பயிற்சியாளர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முதல் வாரப் பையனுக்குப் போட்டிக்காரனின் சுற்றுகளைக் கொடுத்தால் மறுநாள் கையைத் தூக்க முடியாது.

நடுவைப் பிடிக்க வழியும் சொல்கிறார். இரு முனைகளில் அதிகம் கெடுப்பதிலிருந்து முதலில் விலக வேண்டும். பிறகு, தன் மனம் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும், கோணிய மரத்தை நிமிர்த்துவதுபோல. நேராகும் அளவுக்கு மட்டும் வளைத்தால் மரம் பழையபடி திரும்பிவிடும். இன்பம் தருவதிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அங்கே நம் தீர்ப்பு நடுநிலையாக இருக்காது.

ஆனால் இதே அரிஸ்டாட்டில், சிறந்த அரசில் கைத்தொழிலாளி குடிமகனாக மாட்டான் என்றும் 'அரசியல்' நூலில் எழுதினார். உழைப்பாளிகள் வாழும் வடசென்னையில் அவரைப் பாடமாக நடத்துவோர் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

- தத்துவ ஆசிரியர், தண்டையார்பேட்டை