விரலைப் பார், கண்ணு

நகரி,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்விக்கு,

நைனா எழுதுவது. நேற்று நீ போனில் சொன்னதில் பாதி தறிச் சத்தத்தில் போய்விட்டது. மீதியை அம்மா சொன்னாள். பையன் பந்தாட்டத்தில் கையை ஊன்றி விழுந்தானாம். சுளுக்கு என்று நினைத்து இரண்டு நாள் எண்ணெய் போட்டு வழித்தீர்களாம். அப்புறம்தான் எக்ஸ்ரே, மாவுக்கட்டு. இப்போது அதைப் பிரித்துவிட்டு நாட்டுக் கட்டுப் போடப் புத்தூருக்குக் கூட்டி வரலாமா என்று கேட்டாயாமே?

வேண்டாம். புத்தூர் கட்டை நான் குறை சொல்லவில்லை. மூங்கில் பத்தை, பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு வைத்துக் கட்டித்தான் உன் தாத்தாவின் கை சேர்ந்தது. அந்த வாடை இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது. ஆனால் தாத்தாவுக்கு அப்போது ஐம்பது வயது. வளர்ந்து முடிந்த எலும்பு.

பையனுக்குப் பன்னிரண்டுதான். அந்த வயதில் எலும்பின் நுனிப்பக்கம் குருத்தெலும்பாக ஒரு தட்டு இருக்கும். எலும்பு நீள்வது அங்கேதான். எக்ஸ்ரேயில் அது கறுப்புக் கோடாகத் தெரியும். நீ இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது என்று அழுதாயே, அதில் ஒன்று அந்தக் கோடாகத்தான் இருக்கும், டாக்டரைக் கேட்டுப் பார். மூட்டைப் பிடித்திருக்கும் நாரைவிட அந்தத் தட்டு பலவீனம். பெரியவர்களுக்குச் சுளுக்கோடு போகிற அடி, பிள்ளைகளுக்கு அங்கே முறிவாகிவிடும். அதனால்தான் வழிக்கக் கூடாது என்கிறேன்.

சேருமா என்று கவலைப்படாதே. பிள்ளைகளின் எலும்பு சீக்கிரம் சேரும். கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தாலும் வளர வளரப் பெரும்பாலும் நேராகிவிடும். நீ பார்க்க வேண்டியது விரல்களை.

ஏழு வயதில் நீ திண்ணையிலிருந்து விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டாய். ஒருத்தர் இறுக்கிக் கட்டிவிட்டார். ராத்திரி முழுக்க அழுதாய். வலி இருக்கத்தானே செய்யும் என்று நான் புரண்டு படுத்தேன். அம்மாதான் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். ஐந்து விரலும் கத்திரிக்காய் நிறம். தறிக்கூடத்துக் கத்தரிக்கோலால் கட்டை அறுத்துவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் ஓடாமல் சில மணி நேரம் போனால் தசை செத்து, விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிப்போகும் என்று டாக்டர் திட்டினார். நான் புரண்டு படுத்தது இன்னும் உறுத்துகிறது.

மாவுக்கட்டிலும் அது நடக்கலாம். நகத்தை அழுத்தி விட்டுப் பார். வெளுத்தது உடனே சிவக்க வேண்டும். விரல் மரத்தாலோ, மெல்ல நீட்டிவிட்டாலே அலறினாலோ, விடியட்டும் என்று இருக்காதே. மற்றபடி கையைத் தலையணை மேல் உயர்த்தி வை. அரிக்கிறது என்று பென்சிலை உள்ளே விடுவான், விடாதே.

கட்டைப் பிரித்த பிறகும் டாக்டர் சொன்ன தேதிகளில் காட்டு. தட்டில் அடிபட்டிருந்தால் கை சரியாக வளர்கிறதா என்பது மாதங்கள் கழித்துத்தான் தெரியும்.

அம்மா பிரண்டைத் துவையல் அனுப்புகிறாள். எலும்புக்கு நல்லதாம். எனக்குத் தெரிந்து சோறுதான் கூட இரண்டு கவளம் இறங்கும்.

அன்புடன்,
நைனா