பிளாஸ்மா இயந்திரத்துக்கு முன் உலர்த்தும் வசதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எமது மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வைத்தியசாலைகளுக்குப் பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) முறையில் கிருமிநீக்கம் செய்யும் இயந்திரங்களைப் பெற்றுத்தர வேண்டும் என்று நலன்விரும்பிகள் பலர் பேசிக்கொள்வதைக் கேட்கிறேன். நியாயமான விருப்பமே. ஆயினும், கருவிகளைக் கழுவி உலர்த்துவதற்கு ஒழுங்கான வசதியில்லாத ஒரு பிரிவில் அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்குவதால் பயன் விளையாது என்பதைக் கிருமிநீக்கப் பிரிவில் நெடுங்காலம் கடமையாற்றிய தாதி என்ற வகையில் இங்கு எழுத விரும்புகிறேன்.

கத்தரி, இடுக்கி போன்ற உருக்குக் கருவிகளுக்கு 121 பாகை செல்சியஸ் நீராவியில் 15 நிமிடம் வைக்கும் ஓட்டோகிளேவே இன்றும் மலிவானதும் நம்பகமானதுமான வழி. அந்த வெப்பத்தைத் தாங்காத கமராக்கள், வடங்கள், பிளாஸ்டிக் பாகங்கள் ஆகியவற்றுக்குத்தான் வேறு முறை தேவைப்படுகிறது. அதற்குப் பயன்படும் எதிலீன் ஒட்சைட்டு வாயு புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1994ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. அதில் வைத்த பொருட்களிலிருந்து வாயு வெளியேறவும் பல மணிநேரம் காத்திருக்க வேண்டும். குளுட்டரல்டிகைட்டு என்ற கிருமிநாசினிக் கரைசலில் ஊறவைப்பதென்றால் பற்றீரியாக்களின் வித்திகளையும் (எளிதில் அழியாத உறங்குநிலை வடிவங்களையும்) அழிக்க ஏறத்தாழ 10 மணிநேரம் செல்லும். அதன் நெடியில் கண் எரியாத தாதியரை நான் கண்டதில்லை.

பிளாஸ்மா இயந்திரம் இந்த வேலையை ஏறத்தாழ 50 பாகையில், ஒரு மணிநேரமளவில் முடித்துவிடுகிறது. அறையின் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, ஐதரசன் பேரொட்சைட்டு ஆவியைச் செலுத்தி, பின்னர் மின்சக்தியால் அதைப் பிளாஸ்மா நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். கிருமிகளைக் கொல்வதில் பெரும்பங்கு அந்த ஆவியினுடையது; பிளாஸ்மா எஞ்சிய பேரொட்சைட்டை நீராகவும் ஒட்சிசனாகவும் சிதைப்பதால் கருவிகளை உடனேயே எடுத்துப் பயன்படுத்தலாம்.

இந்த வெற்றிடத்திலேதான் எமது சிக்கலும் இருக்கிறது. கருவியில் ஈரம் இருந்தால் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். அமுக்கம் வேண்டிய அளவுக்கு இறங்காது. இயந்திரம் இடைநடுவில் நின்றுவிடும். வெளிப்புறம் பளபளவென்று துடைக்கப்பட்ட மெல்லிய குழாய்க் கருவியொன்றினுள் அமுக்கக் காற்றைச் செலுத்தும்போது மறுமுனையால் ஒரு துளி நீர் தெறித்து விழுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வாவியும் கடலும் சூழ்ந்த எமது ஊர்களில், மார்கழி மழைக்காலத்தில், தட்டில் பரப்பி வைத்தால் காலையில் காய்ந்திருக்கும் என்று நம்புவது வீண். காயாத குழாயில் கழுவுதலும் சரிவர நடந்திருக்காது என்பது என் அனுபவம். இரத்தமோ சளியோ உள்ளே படிந்திருந்தால் ஆவி அதன் அடியிலுள்ள பற்றீரியாவைச் சென்றடையாது.

எமது பிரிவுகளில் பழக்கமான பச்சைப் பருத்தித் துணியிலும் சாதாரண கடதாசியிலும் சுற்றி இதனுள் வைக்கவும் முடியாது. அவை பேரொட்சைட்டை உறிஞ்சிவிடும். செயற்கை இழை உறைகளையும் பேரொட்சைட்டு அடைத்த கசெற்றுகளையும் தொடர்ந்து வாங்கியாக வேண்டும். அன்பளிப்பாக வரும் இயந்திரத்துடன் இந்தச் செலவுக்கான பணம் வருவதில்லை.

கட்டில், மேசை போன்ற மேற்பரப்புகளைச் சாதாரண காற்றமுக்கத்திலேயே உருவாக்கப்படும் குளிர் பிளாஸ்மாவால் தூய்மையாக்குவது பற்றிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் காற்றில் அதை உருவாக்கும்போது ஓசோனும் உண்டாகும். அது நுரையீரலுக்குத் தீங்கானது. நோயாளர் விடுதிகளுக்கு இப்போதைக்குச் சவர்க்காரமும் குளோரீன் கரைசலும் போதும்.

ஆகவே, இயந்திரம் வாங்குவதற்கு விலைமனுக் கோருவோரும் நன்கொடை சேர்ப்போரும் உலர்த்தும் அலுமாரி, வடிகட்டிய அமுக்கக் காற்று, மெல்லிய குழாய்களுக்கான தூரிகைகள், கிருமிநீக்கம் சரியாக நடந்ததா என்று வித்திகளைக் கொண்டு அறியும் சோதனைப் பொதிகள், குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கான கசெற்றுகள் ஆகியவற்றையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். பணம் போதாதென்றால் உலர்த்தும் அலுமாரியை முதலில் வாங்கட்டும்; ஓட்டோகிளேவுக்குச் செல்லும் கருவிகளுக்கும் அது பயன்படும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
கல்லடி, மட்டக்களப்பு.